22 படி தாண்டி நிற்கும் கற்பூர மரம்: இயந்திரமா, கயிறா?

கேள்வி:
குன்னூருக்கு மேலே சரிவில் எங்கள் வீடு. பின்னால் எழுபதடிக் கற்பூர மரம் (யூகலிப்டஸ்). போன மழையில் ஒரு கிளை ஓட்டைப் பிளந்து, அம்மாவின் அடுப்படி வரை தண்ணீர். பாதை நாலடி, பிறகு 22 படிகள். கிரேன்காரர் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். சங்கிலிச் சக்கரத்தில் ஊர்ந்து வந்து ஆளை உயரே தூக்கும் சிறிய இயந்திரம் வருமா?

பதில்:
பதினான்கு வருடமாக மரம் ஏறுகிறேன், தம்பி. நாலடியில் சில இயந்திரங்கள் நுழையும். ஆனால் படியிறங்கிய பின், அது சாயாமல் நிற்க விரிக்கும் நான்கு கால்களை எங்கே ஊன்றுவீர்கள்? ஈரச் சரிவில் ஒரு கால் புதைந்தால் போதும். கயிறு கட்டி ஏறுவதே நல்லது. வாள் ஓடும்போது ஏறுகயிறு ஒன்று, இடுப்புக் கயிறு ஒன்று என இரண்டு பிடி வேண்டும். கற்பூரப் பட்டை நாராக உரியும்; மழை மறுநாள் நான் ஏறுவதில்லை. கிளையை முதலில் அடியிலிருந்து கால் பங்கு அறுத்து, நுனிப்பக்கம் சற்றுத் தள்ளி மேலிருந்து அறுக்க வேண்டும். இல்லையென்றால் பட்டை கிழிந்துகொண்டே தண்டு வரை வரும்.

கேட்டவர்:
காலில் இரும்பு முள் மாட்டி, மரத்தில் குத்தி ஏறலாமா, அண்ணா?

பதில்:
மரத்தையே எடுப்பதானால் மாட்டலாம். கிளை மட்டும் என்றால் கூடாது. ஒவ்வொரு குத்தும் மரத்துக்குப் புண்.

இன்னொருவர்:
1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இங்கே உண்டு. பட்டா நிலமானாலும் முதலில் வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் வெட்டிய பிறகு கேட்டார்; விறகு இன்னும் மழையில் கிடக்கிறது.