டயர் கடை ஈயத்தை உருக்கினால் பாளம் சொரசொரப்பாக வருகிறது, ஏன்?

வலைமணி:
மீன்வலைக்கு குண்டு வார்க்க 12 கிலோ பழைய ஈயம் இருக்கு. பாதி டயர் கடை வீல் வெயிட் (சக்கர விளிம்பில் மாட்டுற சமன் எடை), பாதி பழைய குழாய். உருக்கும்போது மேலே கஞ்சி மாதிரி திரளுது, வழிக்க வழிக்க வருது. பாளத்தில் ஓரம் நிரம்பலை, மேல்பக்கம் சொரசொரப்பு. சூடு இன்னும் ஏத்தணுமா? பழைய பேட்டரித் தகடும் கொஞ்சம் இருக்கு, சேர்க்கலாமா?

வார்ப்பட்டறை:
சூடு ஏத்தாதீங்க தம்பி, ஏத்தினதுதான் கோளாறே. அந்தக் கஞ்சி துத்தநாகம், வீல் வெயிட்டில் சிலது அதில் செஞ்சதுதான். ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகத்துக்கு 420 வேணும். 350-லிருந்து 380-க்குள்ள நிறுத்தினா துத்தநாகக் கட்டி உருகாம மிதக்கும், இரும்புக் கிளிப்போட சேர்த்து ஓட்டைக் கரண்டியில் அள்ளிடலாம். உருகின ஈயத்து மேலே மஞ்சளும் ஊதாவுமா படலம் ஓடினா சூடு அதிகம்னு அர்த்தம்.

வீல் வெயிட்டைச் சட்டியில் போடுறதுக்கு முன்னாடியே ஈயம் வேற, துத்தநாகம் வேறன்னு பிரிங்க. துத்தநாக வெயிட்டில் Zn-னு பொறிச்சிருக்கும், சிலதில் ஒண்ணுமே பொறிச்சிருக்காது, அதனால் எழுத்தை மட்டும் நம்பாதீங்க. கட்டிங் பிளையரால் கடிச்சா ஈயத்தில் பள்ளம் விழும், துத்தநாகத்தில் வழுக்கும். சிமெண்ட் தரையில் போட்டா ஈயம் ‘தொப்’புனு விழும், துத்தநாகம் ‘கிணிங்’னு பேசும்.

கெட்டுப்போன ஈடை 340 டிகிரிக்கு இறக்கி, திரளுறதை வழிச்சா ஓரளவு தெளியும், முழுசா போகாது. அதைப் பெரிய குண்டுக்கு வெச்சுக்குங்க.

கரையோரம்:
பேட்டரித் தகடு வேண்டவே வேண்டாம். அதில் அமிலமும் ஈய சல்பேட்டுப் பசையும் ஊறிக் கிடக்கு. தகட்டில் ஆர்சனிக், ஆன்டிமனி கலந்திருந்தா அதோட கசடு ஈரம் பட்டு கொடிய நச்சு வாயு விடும். பழைய பேட்டரியை விற்ற கடையிலேயே கொடுத்துடுங்க.

இந்தச் சூட்டில் புகையைவிடத் தூசிதான் பெரிய எமன். வழிச்ச சாம்பல் நிறக் கசடில் ஈய ஆக்சைடு நிறைய இருக்கு. அதைக் கூட்டிப் பெருக்காதீங்க, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்க. திறந்தவெளி, காத்து உங்க முதுகுப்பக்கம் இருந்து வரணும், நுண்தூசியைத் தடுக்கிற பி100 வடிகட்டி முகமூடி, தோல் கையுறை, கண்ணாடி. போட்ட துணியைக் குழந்தைகள் துணியோட துவைக்காதீங்க. குழந்தைக்கு இவ்வளவு ஈயம் பரவாயில்லைன்னு ஒரு அளவே கிடையாது. வீட்டில் கர்ப்பிணியோ சின்னக் குழந்தையோ இருந்தா இந்த வேலையை அங்கே செய்யவே கூடாது.

வலைமணி:
நன்றி அண்ணா. குழாய் நசுங்கிக் கிடக்கு. உருகின ஈயத்திலேயே போடலாமா? அச்சு எது நல்லது?

வார்ப்பட்டறை:
போடவே கூடாது. நசுங்கின மடிப்புக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி இருந்தாலும் நீராவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல விரியும், சட்டியில் உள்ள ஈயம் முகத்துக்கு வரும். குழாயை நீளவாக்கில் பிளந்து, வெயிலில் காயவெச்சு, ஆறின சட்டியில் போட்டுத்தான் அடுப்பைப் பத்தவைங்க. சட்டி இரும்பா இருக்கணும், அலுமினியம் வேண்டாம். அது திரும்ப சமையலுக்குப் போகக் கூடாது. ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம், விலை அதிகம், அதை இதில் கலந்து வீணாக்காதீங்க.

வழிக்கிறதுக்கு முன்னாடி சுண்டைக்காய் அளவு மெழுகு போட்டு, அடியிலிருந்து கிளறுங்க. குப்புனு தீப்பிடிக்கும், தள்ளி நில்லுங்க. கசடில் மாட்டின ஈயம் திரும்ப உள்ளே இறங்கும்.

அச்சுக்கு 50×50×5 இரும்பு ஆங்கிளை 9 சென்டிமீட்டர் வெட்டி, ரெண்டு முனையும் தகடு வெல்டு பண்ணிக்குங்க. ‘வி’ மாதிரி நிக்கவெச்சு விளிம்புவரை ஊத்தினா சுமார் 1 கிலோ. உள்பக்கம் மெழுகுவத்திக் கரி பிடிச்சா ஒட்டாது. ஊத்துறதுக்கு முன்னாடி அடுப்போரம் அச்சைச் சூடாக்குங்க. குளிர்ந்த அச்சிலும் ஓரம் நிரம்பாது, ஈர அச்சு வெடிக்கும். பளபளப்பு மங்கி இறுகினதும் கவிழ்த்துடுங்க, தண்ணியில் போட்டு ஆத்தாதீங்க.