சின்ன லேத்துக்கு பிரேக்: சக் கழலுமா, கழலாதா?

ராத்திரிப்பட்டறை:
நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருந்தார்: "வீட்டு லேத்துக்கு (கடைசல் மெஷினுக்கு) பிரேக் போடுறவன் தன் பல்லைத் தானே கழட்டிக்கிறான். நிறுத்துற வேகத்துல சக் (வேலைத்துண்டைக் கவ்வுற தலை) கழண்டு மூஞ்சிக்கு வரும்." படிச்சதுலருந்து எரிச்சல் அடங்கல. ஆறு மாசமா நான் பிரேக்கோடதான் ஓட்டுறேன். என்னோடது 7க்கு 14 அங்குல மினி லேத், கார்பன் பிரஷ் வச்ச டிசி மோட்டார். சுவிட்சை அணைச்சதும் ரிலே விழுந்து கன்ட்ரோல் போர்டைத் துண்டிக்கும். ஆர்மேச்சரோட (மோட்டார் உள்ள சுத்துற காயிலோட) ரெண்டு முனையும் 22 ஓம் வயர்வுண்ட் ரெசிஸ்டருக்குப் போயிடும். சுத்துற மோட்டார் ஜெனரேட்டர் ஆகுது, சுழற்சி பூரா ரெசிஸ்டர்ல சூடா போகுது. முன்னெல்லாம் ஏழெட்டு செகண்ட் சுத்திக்கிட்டே இருக்கும், இப்ப ரெண்டுக்குள்ள நிக்குது. ஷோல்டர் (கம்பி தடிக்கிற படி) வரைக்கும் மரை வெட்டுறவனுக்கு இதோட அருமை தெரியும்.

பழைய டர்னர்:
அதை எழுதினது நான்தான் தம்பி. நேரா என்னையே கேட்டிருக்கலாம், ஒளிஞ்சு நின்னு கல்லெறிய வேண்டியதில்ல. 31 வருஷம் லேத் முன்னாடி நின்னவன் நான். சக்கைச் சுத்துற தண்டுதான் ஸ்பிண்டில், அதோட மரையில சக் ஏறி உட்காருது. முன்பக்கமா சுத்தும்போது வெட்டுற பாரம் அதை இறுக்கும். ஸ்பிண்டிலைத் திடீர்னு பிடிச்சா, சக் மட்டும் பழைய வேகத்துலயே ஓடப் பார்க்கும். அதுதான் கழல்ற திசை. எங்க மேஸ்திரி பட்டறையில அப்படிக் கழண்டு விழுந்து லேத்தோட பெட்ல (அடித்தளத்துல) பள்ளம் ஆயிருச்சு. அந்தப் பள்ளத்தை இந்த விரலால தடவிப் பார்த்திருக்கேன்.

ராத்திரிப்பட்டறை:
ஐயா, என் சக் மரையில ஏறுறதே இல்ல. ஸ்பிண்டில் முனைத் தட்டுல (ஃபிளாஞ்ச்ல) மூணு போல்ட்டு, மூணு நட்டு. கழல்றதுக்கு அங்க மரை எங்க இருக்கு?

பழைய டர்னர்:
மைஃபோர்டு எம்எல்7 பார்த்திருக்கியா? ஸ்பிண்டில் மூக்குல ஒண்ணே அரைக்கால் அங்குலம், 12 டிபிஐ (அங்குலத்துக்கு 12 புரி) மரை. சவுத் பெண்ட் 9 இஞ்சுல ஒண்ணரை அங்குலம், 8 டிபிஐ. லேத்துன்னா அதுங்கதான். அதுல பிரேக் போட்டா சக் கழலும்.

காயில்கடை:
ஏனுங்க, ஆளுக்கொரு மோட்டாரைப் பேசிட்டு இருக்கறீங்க. எங்க கடைக்கு வர்றதுல பாதி சிங்கிள் பேஸ் கண்டன்சர் ஸ்டார்ட் மோட்டாருங்க. அதுக்கு வெறும் ரெசிஸ்டரைப் போட்டா வேலைக்காகாது, உள்ள காந்தமே இல்லீங்களே. ஏசியை முழுசா வெட்டிட்டு ரன்னிங் காயிலுக்கு டிசி கொடுக்கோணும். அசையாம நிக்கற காந்தப்புலத்துக்குள்ள ரோட்டார் சுத்துனா, அதுக்குள்ளயே கரண்ட் ஓடி இழுத்துப் புடிக்கும். காயில் 4 ஓம்னா 24 வோல்ட்டுக்கு 6 ஆம்பியர், அரை ஹெச்பிக்கு அது போதும். போன மாசம் ஒரு தம்பி 230 வோல்ட்டை அப்படியே பிரிட்ஜ் டயோடு வழியா விட்டுட்டாரு. கணக்குப்படி 50 ஆம்பியர்! டயோடு வெடிச்சு எம்சிபி விழுந்துச்சுங்க. ஏசிக்கு ஒண்ணு, டிசிக்கு ஒண்ணுன்னு வைக்கற ரெண்டு கான்டாக்டரும் (காந்த சுவிட்சும்) ஒண்ணா ஏறாத மாதிரி இன்டர்லாக் போடுங்க. நின்னதும் டிசியை வெட்ட டைமர் வையுங்க, இல்லீன்னா காயில் வெந்துரும்.

பழைய டர்னர்:
டிசியோ ரெசிஸ்டரோ, எதுல நிறுத்தினா என்ன? சக் கழலும்.

கணக்குப்பிள்ளை:
எவ்வளவு விசையில கழலும்னு யாராவது போட்டுப் பார்த்தீங்களா? 100 எம்எம் சக், 3 கிலோ, 1000 ஆர்பிஎம். ஒரு செகண்ட்ல நிறுத்த சுமார் 0.4 நியூட்டன் மீட்டர். 10 சென்டிமீட்டர் ஸ்பேனர் நுனியில 400 கிராம் தொங்கவிட்ட மாதிரி, அவ்வளவுதான். 20 எம்எம் கம்பியில 500 நியூட்டன் வெட்டு விசை வந்தாலே 5 நியூட்டன் மீட்டர் சக்கை இறுக்குது. பன்னிரண்டு மடங்கு! மேஸ்திரி கதையை வச்சு எத்தனை நாள் பயமுறுத்துவீங்க?

பழைய டர்னர்:
வாங்க இன்ஜினியர். கம்பியை வெட்டினா இறுகும், சரி. கையால ஏத்தின சக்கை, இன்னும் ஒரு வெட்டு கூட போடாம, சும்மா ஓட்டி நிறுத்தினா? ஒரு செகண்டுன்னு யார் சொன்னது? கால் செகண்டுக்கும் கீழ நிறுத்துற பிரேக் இருக்கு. 0.2 செகண்டுன்னா உங்க 0.4 ரெண்டாயிடும். அதையும் போட்டுக் காட்டுங்க. ஐடிஐ படிச்சவனுக்குக் கணக்கு வராதுன்னு நினைக்காதீங்க.

கணக்குப்பிள்ளை:
ஐடிஐயைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசல. கையால லேசா ஏத்தின சக்கோட ஓட்டுறது ஆபரேட்டர் தப்பு, அந்தப் பழியை பிரேக் மேல போடாதீங்க.

மூணுபேஸ்:
எதுக்கு இவ்வளவு சண்டை? அந்த மோட்டாரைத் தூக்கிப் போட்டுட்டு மூணு பேஸ் மோட்டாரும் விஎஃப்டியும் (மோட்டார் வேகத்தை மாத்துற டிரைவும்) வாங்குங்க. நிக்கிற நேரம் 2 செகண்டுன்னு டைப் பண்ணா முடிஞ்சுது. வேணும்னா தனியா மெசேஜ் பண்ணுங்க, நல்ல விலைக்கு வாங்கித் தர்றேன்.

காயில்கடை:
போன தீபாவளிக்கு நீங்க வித்த "புது" மோட்டாரைப் பிரிச்சுப் பார்த்தவன் நானுங்க. உள்ள பேரிங் துருப்பிடிச்சுக் கெடந்துச்சு. மறுபடியும் இங்க கடை விரிக்காதீங்க.

மூணுபேஸ்:
பிரிச்சவர் கையில என்ன ஆச்சுன்னு யாருக்குத் தெரியும். ரீவைண்டிங் கடைக்குப் போன மோட்டார் முழுசா திரும்பி வந்ததா சரித்திரமே இல்ல.

காயில்கடை:
கடைக்கு வாங்க, அந்த பேரிங்கை இன்னும் டப்பாவுல போட்டு வச்சிருக்கறேன்.

புதுசு_2:
அண்ணே, எனக்கும் மினி லேத்துதான். ரெசிஸ்டர் இல்லாம ரெண்டு வயரையும் நேரா ஷார்ட் பண்ணா இன்னும் சீக்கிரம் நிக்குமே?

ராத்திரிப்பட்டறை:
பண்ணாதீங்க தம்பி. முழு வேகத்துல ஆர்மேச்சர்ல 150 வோல்ட்டுன்னா, 22 ஓம் வழியா 7 ஆம்பியருக்குக் கீழதான் ஓடும். நேரா ஷார்ட் பண்ணா தடுக்கிறதுக்கு ஆர்மேச்சரோட சில ஓம் மட்டும்தான் மிச்சம். பிரஷ்ஷுல தீப்பொறி பறக்கும், பிரஷ் உரசுற கம்யூட்டேட்டர் கருகும், காந்தமே பலம் இழந்துடலாம். ரெசிஸ்டர் கட்டாயம்.

பழைய டர்னர்:
31 வருஷமா உள்ளங்கையாலதான் சக்கை நிறுத்துறேன். ஒண்ணு கவனிச்சீங்களா? கையால பிடிச்சா முதல்ல நிக்கிறது சக். ஸ்பிண்டில் முன்னாடி தள்ளும், மரை இறுகும். மோட்டாரைப் பிடிச்சா எல்லாம் தலைகீழ். இந்த வித்தியாசம் புரியாதவங்கதான் பிரேக் போடுறாங்க.

ராத்திரிப்பட்டறை:
சுத்துற சக்குல உள்ளங்கையை வைக்கச் சொல்லி ஒரு புதுப் பையன் முன்னாடி எழுதுறீங்களே ஐயா! ஜா (சக்கோட கவ்வுற தாடை) வெளிய நீட்டிட்டு இருந்தா விரல் என்ன ஆகும்? நான் பிரேக் போட்டதே என் கையை அங்க கொண்டு போகாம இருக்கத்தான்.

பழைய டர்னர்:
என் பத்து விரலும் பத்திரமா இருக்கு. பேச்சை மாத்தாத. சக் கழலும்.

கணக்குப்பிள்ளை:
0.4 நியூட்டன் மீட்டருக்கு இன்னும் பதில் வரல.

பழைய டர்னர்:
மரை சக் மாட்டி, 1000 ஆர்பிஎம்ல ஓட்டி, பிரேக் அடிச்சு வீடியோ போடச் சொல்லுங்க. அப்புறம் பேசலாம்.

ராத்திரிப்பட்டறை:
என் லேத்துல மரை சக்கே இல்லைன்னு இன்னும் எத்தனை தடவை சொல்றது?

பழைய டர்னர்:
மரை சக்கே இல்லாதவனுக்கு அது கழலாதுன்னு எப்படித் தெரியும்?