பழைய கிட் காருக்கு (பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கார்) பார்ட்ஸ் வாங்கிய அனுபவம்: இன்னும் உறுத்துவதை எழுதுங்கள்

கண்ணாடியிழை
லோட்டஸ் எலான் எஸ்4, 1969. பின்பக்க ரோட்டோஃப்ளெக்ஸில், அதாவது பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டின் ரப்பர் இணைப்பில், விரிசல். புதுசு 4 வாங்கினேன், கடை பெயர் வேண்டாம். ரப்பர் கறுகறுவென்று அழகாகத்தான் இருந்தது. வலப்பக்கம் 2 மட்டும் மாட்டினேன். மூன்றாவது மாதம் ரவுண்டானாவில் கிளட்சை விட்டதும் சீட்டுக்குக் கீழே 'டங்'. ஒரு குதி, வண்டி நின்றுவிட்டது. அடியில் படுத்துப் பார்த்தால், ரப்பருக்குள் வார்த்திருந்த இரும்புத் துண்டு, சுளையிலிருந்து பலாக்கொட்டை வருவது போல விரலோடு வந்தது. ரப்பர் ஒட்டியிருந்த தடமே அதில் இல்லை, வழவழ. கழற்றிப் போட்ட பழசு விரிசலோடு 11 வருஷம் ஓடியது.

இம்ப்ராஜா
என்னுடையது ஜினெட்டா ஜி15. இன்ஜின் ஹில்மன் இம்ப் காருடையது. அதன் வாட்டர் பம்ப் தேடி மழையில் ஒரு ஆட்டோஜம்பிள் (பழைய கார் பார்ட்ஸ் சந்தை) முழுக்க அலைந்தேன். கிடைத்தது. ஒழுகியது. என் கதை அவ்வளவுதான்.

ஆனால் மேலே எழுதியவர் ரப்பரையே ஏன் கட்டிக்கொண்டு அழுகிறார்? ரப்பர் இல்லாமல் இரும்புக் குண்டுகளால் வளைந்து சுழலும் சிவி ஜாயின்டுக்கு மாறுங்கள். ரோட்டோஃப்ளெக்ஸ் முழுசாக அறுந்தால் ஷாஃப்ட் சாட்டை மாதிரி சுழன்று பக்கத்தில் இருப்பதையெல்லாம் அடிக்கும். உங்களுக்கு நல்ல நேரம். ஒன்று மட்டும்: ஜாக்கியில் தூக்கி சக்கரம் முழுக்கத் தொங்கும்போது சில சிவி செட்டுகள் இறுகிக்கொள்ளும், அந்த நிலையில் சுற்றிப் பார்க்காதீர்கள். அப்புறம் முன்பக்க டிரனியன், முன்சக்கரம் திரும்பும் அடிப்பக்க மரை இணைப்பு. உங்களுக்கும் எனக்கும் டிரையம்ஃப் கார்களிலிருந்து எடுத்த ஒரே சரக்குதான். அதற்கு கிரீஸ் அடிக்காதீர்கள், இபி90 கியர் ஆயில்தான். கிரீஸ் கெட்டிப்பட்டு, தண்ணீர் புகுந்து, மரை துருப்பிடித்து, ஒருநாள் சக்கரம் படுத்துவிடும். எத்தனை தடவை சொன்னாலும் கிரீஸ் கன்னோடு வருகிறார்கள்.

ஒற்றைக்கண்
சிவி போட்டால் அது எலானே இல்லை. கிளட்சை விடும்போது அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு வண்டி ஒரு ஆட்டம் ஆடுமே, அதுவும் சேர்ந்ததுதான் எலான். சரி, சண்டை வேண்டாம்.

என்னுடையது 1965, கிட்டாக வந்தது. பிரிட்டனில் அப்போது கிட்டாக வாங்கினால் பர்ச்சேஸ் டாக்ஸ் என்ற விற்பனை வரி கிடையாது என்று அன்று யாரோ வீட்டு கராஜில் முடுக்கிய வண்டி (1973 ஏப்ரலில் வாட் வரி வந்து அந்த வழியும் அடைபட்டது). அதனால் எதில் கோளாறு வந்தாலும் முதலில் அந்த முகம் தெரியாத மனிதரைத்தான் திட்டுவேன். ஒரு நவம்பர் மாலை, மோட்டார்வேயில் இடது முகப்பு விளக்கு மெல்லக் கண்ணை மூடியது. எலானின் விளக்கு பானட்டுக்குள் மடங்கிக்கொள்ளும்; என் மாடலில் அதைத் தூக்கிப் பிடிப்பது வாக்வம், இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடம். ஹோஸ், வால்வு எல்லாம் வாங்கி மாற்றினேன். மறுபடி மூடியது. வாக்வம் தொட்டி எது? சேஸின், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின், முன் குறுக்குச் சட்டமேதான். ஸ்க்ரூடிரைவரால் தட்டினேன், துருவைத் துளைத்து உள்ளே போய்விட்டது.

பார்ட்ஸ் கடைக்குப் போன் போட்டேன். "என்ன பார்ட் வேணும்?" என்றார்.

"சேஸ்."

அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம். அப்புறம், "துருப்பிடிக்காம துத்தநாகம் பூசி கால்வனைஸ் பண்ணினதுதானே?"

பாவம், வண்டியை முதலில் முடுக்கிய அந்த ஆள். இதில் அவர் தப்பு ஒன்றுமில்லை.

கண்ணாடியிழை
@இம்ப்ராஜா, சிவி பற்றி நான் கேட்கவே இல்லை. டிரனியனுக்கு ஆயில்தான் விடுகிறேன்.

இடப்பக்கத்துக்கு வாங்கிய 2 ரோட்டோஃப்ளெக்ஸும் பெட்டி பிரிக்காமல் கிடக்கின்றன. விற்க மனசில்லை. தூக்கிப் போடவும் கை வரவில்லை.