மகள் தலையில் பேன், பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அவசரம், என்ன செய்வது?

புதுசா வந்தவள்:
வந்து ஐந்து வாரம்தான் ஆகிறது. இன்று சாயங்காலம் மகளைக் கூப்பிடப் போனபோது டீச்சர் என்னைத் தனியாக அழைத்து "ஹெட் லைஸ்" என்று மெதுவாகச் சொன்னார். அவர் மெதுவாகச் சொன்னாலும் சுற்றி நின்ற அம்மாக்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து பின்னலைப் பிரித்தால் காதுக்குப் பின்னால் ஈர் கொத்துக் கொத்தாக இருக்கிறது. கண்ணெதிரே ஒரு பேன் ஓடுகிறது. வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட், போனை எடுக்கவில்லை. நாளைக்குப் பள்ளிக்கு அனுப்பலாமா? டாக்டரிடம் போனால் ரெக்கார்டில் ஏறி விசாவுக்குச் சிக்கல் வருமா? மொட்டை அடித்துவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன். யாராவது உடனே சொல்லுங்கள்.

மெல்பர்ன் மாமா:
அனுப்பாதீர்கள். சிகிச்சை தொடங்கிய பிறகுதான் வகுப்பில் சேர்ப்பார்கள். விரிப்பு, தலையணை உறை, பொம்மை எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் போட்டு எடுங்கள். உங்களுக்காவது வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கும். நாங்கள் வந்த புதிதில் அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அழுக்கு மூட்டையோடு டிராமில் ஏறிப் போய், காசு போட்டால் ஓடும் மெஷின் முன்னால் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் சில்லறை தீர்ந்து ஈரத் துணியைச் சுமந்துகொண்டு வந்தேன். எலும்பு வரைக்கும் குளிர்.

ஸ்கார்பரோ அக்கா:
பிள்ளை, மொட்டை ஒன்றும் வேண்டாம். எங்கள் அம்மம்மா வேப்பெண்ணெய் பூசி, மடியில் கிடத்தி, ஈர் ஒவ்வொன்றாக நகத்தில் வைத்து நசுக்குவா. அதைவிட நல்ல மருந்து கிடையாது. ஆனால் நாங்கள் வந்த முதல் மாரி காலத்தில் பேஸ்மென்டில் குடியிருந்தோம். வேப்பெண்ணெய் மணத்துக்கு மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து காஸ் கசிகிறதா என்று கேட்டார்.

ஈஸ்ட்ஹாம் 2009:
சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசுங்கள், ஒரே ராத்திரியில் போய்விடும். இல்லாவிட்டால் கொஞ்சம் மண்ணெண்ணெய். நம் ஊரில் எல்லாரும் செய்ததுதானே. பேனைப் பெருமாளாக்க வேண்டாம்.

கிளாஸ்கோ குளிர்:
அண்ணே, தயவுசெய்து வேண்டாம். சீத்தாப்பழ விதை கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகும். மண்ணெண்ணெய் தோலை வேகவைக்கும், தீயும் பிடிக்கும். தங்கச்சி, பக்கத்தில் இருக்கும் ஃபார்மசியில் கேளுங்கள், மருந்து இலவசமாகவே தருவார்கள்.

ஈஸ்ட்ஹாம் 2009:
இலவசமா? நான் காசு கொடுத்துத்தான் வாங்கினேன். எல்லாம் இங்கே உள்ள பிள்ளைகளிடமிருந்து ஒட்டுவது. தலைக்கு எண்ணெய் வைக்காத ஊர். நாம் எண்ணெய் வைத்து அனுப்பினால் மட்டும் நாற்றம் என்பார்கள். என் பையன் ஒன்றாம் வகுப்பில் அதற்காக ஒரு மாதம் அழுதான்.

மெல்பர்ன் மாமா:
எண்ணெய் மட்டுமா? என் மகள் மதிய உணவுக்குத் தயிர்சாதம் கொண்டுபோன கதையைச் சொன்னால் விடிந்துவிடும்.

ஸ்கார்பரோ அக்கா:
எண்ணெய் வைத்தால் பேன் வராது என்று யார் சொன்னது? எங்கள் பள்ளிக்கூடத்தில் எண்ணெய் வழிய ரெட்டைப் பின்னல் போட்டவர்களின் தலையில்தான் அதிகம்.

ஹாரோ அம்மா:
எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்கள். தங்கச்சி, எந்த நாடு என்றே நீங்கள் சொல்லவில்லை. பாப்பாவுக்கு என்ன வயது? வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

புதுசா வந்தவள்:
மன்னிக்கணும் அக்கா, பதற்றத்தில் விட்டுப்போனது. இங்கிலாந்தில், லெஸ்டரில் இருக்கிறோம். மகளுக்கு 6 வயது, இடுப்பு வரை முடி. நாலு மாதக் கைக்குழந்தையும் இருக்கிறான், பால் கொடுக்கிறேன். எல்லாரும் ஒரே கட்டிலில்தான் படுக்கிறோம்.

ஹாரோ அம்மா:
கைக்குழந்தையை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா! சரி, நிதானமாகப் படியுங்கள். எனக்கு இரண்டு பெண்கள், இதை மூன்று தடவை பார்த்தாகிவிட்டது.

நாளைக்குப் பள்ளிக்கு அனுப்புங்கள். இங்கே பேனுக்காக லீவு போடச் சொல்வதில்லை. மாமா சொன்னது ஆஸ்திரேலியக் கதை. ரெக்கார்டு, விசா பயமெல்லாம் வேண்டாம். டாக்டரிடமே போக வேண்டியதில்லை, போனாலும் ஃபார்மசிக்குத்தான் அனுப்புவார்கள். கிளாஸ்கோ தம்பி சொன்ன இலவசம் ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு. இங்கிலாந்தில் பொதுவாகக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

மருந்தே இல்லாமலும் முடியும். சாதாரண ஷாம்பு போட்டு அலசி, ஈரத் தலையில் கண்டிஷனரைக் கை நிறைய எடுத்து அப்புங்கள். அந்த வழவழப்பில் பேனால் ஓட முடியாது. முதலில் அகலப் பல் சீப்பால் சிக்கெடுத்துவிட்டு, அப்புறம் பேன் சீப்பு. ஃபார்மசியிலேயே கிடைக்கும். வேரில் சீப்பின் பல் தோலைத் தொட வேண்டும், அங்கிருந்து நுனி வரை ஒரே இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளை டிஷ்யூவில் துடைத்துப் பாருங்கள். எள் அளவில் பழுப்பாக, கால் ஆட்டிக்கொண்டு கிடக்கும். உங்கள் மகளின் முடிக்கு அரை மணி நேரமாவது ஆகும். டிவியில் ஏதாவது போட்டுவிடுங்கள்.

இன்றைக்கு ஒரு நாள் செய்துவிட்டு விட்டால் வீண். இன்றையிலிருந்து எண்ணி 1, 5, 9, 13-ஆம் நாள் என நாலு தடவை வார வேண்டும். ஈர் பொரிய 7 முதல் 10 நாள் ஆகும். பொரிந்த குஞ்சு வளர்ந்து முட்டையிடுவதற்குள் பிடித்துவிட வேண்டும், அதற்குத்தான் இந்தக் கணக்கு. 17-ஆம் நாள் மறுபடி பாருங்கள். வெள்ளையாக ஒட்டியிருப்பது பெரும்பாலும் வெறும் கூடு. பொடுகென்றால் விரலால் தள்ளினால் நகரும், இது நகராது. கூட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள், ஓடுகிற பேன்தான் கணக்கு.

மருந்துதான் வேண்டுமென்றால் டைமெதிகோன் என்று கேளுங்கள், ஹெட்ரின் என்ற பெயரில் கிடைக்கும். அது விஷம் இல்லை, பேனைப் பூசி மூடிவிடும் சிலிகோன் எண்ணெய். பால் கொடுக்கும் நீங்களும் போடலாம். ஆனால் 6 மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு நீங்களாகப் போடக்கூடாது. தம்பிப் பாப்பா தலையைப் பாருங்கள், இருந்தால் வாருவது மட்டும்தான். எத்தனை நேரம் வைப்பது, மறுபடி எப்போது போடுவது என்று டப்பாவில் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு. இன்னொன்று: மருந்து தலையில் இருக்கும்போது காஸ் அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி பக்கமே விடாதீர்கள். சிலருக்குத் தீப்பிடித்து, 2018-இல் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்தது.

விரிப்பு, பொம்மையை எல்லாம் சுடுதண்ணீரில் போட வேண்டியதில்லை. தலையை விட்டு இறங்கிய பேன் ஓரிரு நாளில் செத்துவிடும். அது குதிக்காது, பறக்காது, தலையோடு தலை ஒட்டினால்தான் ஏறும். ஒரே கட்டில் என்கிறீர்களே, அதனால் உங்கள் இருவர் தலையையும் இன்றைக்கே பாருங்கள்.

ஈஸ்ட்ஹாம் 2009:
அப்படியானால் ஐந்து வாரத்தில் இங்கேதானே பிடித்திருக்கும்?

ஹாரோ அம்மா:
சொல்ல முடியாது தம்பி. முதல் தடவை பேன் பிடித்தால் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். ஊரிலிருந்து கூடவே விமானத்தில் வந்திருந்தாலும் வந்திருக்கும்.

புதுசா வந்தவள்:
எல்லாருக்கும் நன்றி, ஐந்தாம் நாள் நிலவரம் சொல்கிறேன். முதல் நாள் டிஷ்யூவில் எண்ணினேன், 23. இன்று 6, எல்லாம் பொடிப்பொடியாக. தம்பிப் பாப்பா தலையில் ஒன்றும் இல்லை. என் தலையில் 2. சிரித்துக்கொண்டே டார்ச் பிடித்தவர் தலையில் 4, இப்போது சிரிப்பதில்லை. டீச்சரிடம் வாருகிறோம் என்று சொன்னேன், வகுப்பில் இன்னும் மூன்று பேருக்கு இருக்கிறதாம். ஒரு சந்தேகம். 13-ஆம் நாள் மாமியார் ஊரிலிருந்து வந்திறங்குகிறார். என்ன வாங்கி வரட்டும் என்று கேட்கிறார்.

ஸ்கார்பரோ அக்கா:
இரண்டு பக்கமும் பல் வைத்த மரச் சீப்பு ஒன்று வாங்கி வரச் சொல்லுங்கள் பிள்ளை. அதை எடுத்த கையோடு அவவுக்கே விஷயம் விளங்கிவிடும்.

ஹாரோ அம்மா:
மரச் சீப்பின் பல் இடைவெளியில் குஞ்சு நழுவிவிடும் அக்கா. இங்கே வாங்கிய இரும்புப் பல் சீப்பே போதும். 17-ஆம் நாள் மாமியாரையும் சேர்த்து உட்கார வையுங்கள்.