கடல் தாண்டிய கூட்டுத் திட்டத்துக்கு நிதி கேட்டவர்கள் சொல்வது

உடன்குடிப் பக்கம் பனையேறிகளோடு வேலை செய்யும் சின்ன டிரஸ்ட் எங்களுடையது. 2023-இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கரையில் யாழ்ப்பாணத்திலும் பனையை நம்பிப் பிழைப்பவர்கள் உண்டு; அவர்களுக்கென்று இலங்கை அரசே பனை அபிவிருத்திச் சபை நடத்துகிறது. இங்குள்ளவர்கள் அங்கேயும், அங்குள்ளவர்கள் இங்கே விடிலியிலும் (பதநீர் காய்ச்சும் ஓலைக்குடிசை) உட்கார்ந்து வேலையைப் பார்த்தால் நல்லதென்று தோன்றியது. அங்குள்ள ஒரு சங்கத்தோடு சேர்ந்து, எல்லை தாண்டிய கூட்டுறவுக்கு நிதி தரும் வெளிநாட்டு அமைப்பு ஒன்றுக்கு விண்ணப்பித்தோம்.

யோசனையை எழுதுவதில் சிரமமில்லை. பணம் எந்த வழியாக வரும் என்ற இடத்தில்தான் எல்லாம் நின்றது. இந்த மாதிரி நிதிகளில் ஒருவர் முதன்மைப் பங்காளி. பணம் அவர் கணக்குக்கு வரும், அவர் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். எல்லை தாண்டிய கூட்டுவேலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் இன்டர்ரெக் திட்டங்களிலும் இதே ஏற்பாடுதான். நம் ஊர் அமைப்பு முதன்மையாக நின்றால் இது நடக்காது. வெளிநாட்டுக் கொடைகளை முறைப்படுத்தும் சட்டம் எஃப்சிஆர்ஏ. அதன் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றவே கூடாது, வாங்குகிறவருக்கும் அந்தச் சட்டத்தில் பதிவு இருந்தாலும் சரி. பணம் முதலில் வந்து இறங்குவதும் புது டெல்லி ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான். இதைச் சொன்னபோது நிதி தரும் அமைப்பின் நிதி அலுவலர், "உங்கள் ஊரில் வங்கியே கிடையாதா?" என்று கேட்டார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வேலைத்திட்டம் ஒன்று, ஒப்பந்தமும் கணக்கும் ஆளுக்கொன்று என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். படிவத்தில் அதை எழுத இடமில்லாததால் தனிக் கடிதமாக இணைத்தோம்.

அப்புறம் கால அட்டவணை. அக்டோபரில் தொடங்க வேண்டும், முதல் மூன்று மாதம் களத்தில் கணக்கெடுப்பு என்று அவர்களே போட்டிருந்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் எந்தப் பனையில் பதநீர் வடியும்? போய்ப் பார்த்தால் மழையில் ஊறிய ஓலைக்கூரையும், குப்புறக் கவிழ்த்த சட்டியும், மூலையில் கொட்டிக் கிடக்கும் சிரட்டையும்தான் இருக்கும். கணக்கெடுப்பை மாசிக்குத் தள்ளிவிட்டு, மழை மாதங்களில் பனையேறிகளுக்குப் பாஸ்போர்ட் எடுப்பது என்று மாற்றி எழுதினோம். அதுவும் லேசில்லை. ஆதாரில் ஒரு பிறந்த தேதி, பள்ளிச் சான்றிதழில் இன்னொன்று. ஒரு பெரியவர், "நான் ஏறுத மரத்தக் கேளு, அதுக்குத் தெரியும் என் வயசு" என்று சிரித்தார்.

பயணச் செலவில் நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பலைப் போட்டோம். 2023 அக்டோபரில் தொடங்கிய சேவை அது. கடல் கொந்தளித்தால் ஓடாது. அதனால் விமானக் கட்டணத்தையும் மாற்று வழியாகப் பக்கத்திலேயே காட்டினோம். மதிப்பீட்டாளர் எங்கள் ப்ரொபோசலில் பாராட்டிய ஒரே பக்கம் அதுதான்!

*

அண்ணாச்சி, நான் தென்காசி. எங்களுக்கு எல்லை என்றால் செங்கோட்டை தாண்டினால் வரும் கேரளா. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் இரண்டு மாநிலத்துக்கும் பொது, 2016-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் நிதிக்கான அழைப்பில் 'எல்லை தாண்டிய' என்று இருந்தால் பெரும்பாலும் நாட்டு எல்லையைத்தான் சொல்கிறார்கள். எழுத உட்காரும் முன் ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள். உள்நாட்டு நிதியில் செய்தால் எஃப்சிஆர்ஏ தொல்லை கிடையாது. ஆனால் களக்காடு முண்டந்துறைப் பக்கம் காட்டுக்குள் போக இங்கே தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி, கேரளாவில் செந்துருணிச் சரணாலயப் பக்கம் போக அங்கே ஓர் அனுமதி. எங்களுக்கு ஒன்று வந்து சேர்வதற்குள் மற்றதன் காலம் முடிந்துவிட்டது. இரண்டையும் ஒரே நாளில் போடுவதுதான் புத்தி.

*

பாளையங்கோட்டையில் டிரஸ்ட் கணக்குகள் பார்க்கிறேன். உடன்குடி அண்ணாச்சி சொன்னதெல்லாம் எஃப்சிஆர்ஏ பதிவு உள்ளவர்களுக்கு. பதிவு வாங்க அமைப்புக்கு மூன்று வயதாகியிருக்க வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டில் 15 லட்சம் ரூபாயாவது நோக்கத்துக்காகச் செலவாகியிருக்க வேண்டும். சின்ன அமைப்புகள் பலவும் இங்கேயே விழுந்துவிடும். இல்லாதவர்களுக்கு முன் அனுமதி என்று ஒரு வழி உண்டு; குறிப்பிட்ட கொடையாளர், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட வேலை. அதற்கு, பணம் தருவதாகக் கொடையாளர் எழுதிய கடிதம் வேண்டும். கொடையாளரோ அனுமதியைக் காட்டினால்தான் கடிதம் தருவேன் என்பார். எனக்குத் தெரிந்த ஒரு மகளிர் குழு, "அரசு அனுமதி கிடைக்கும் பட்சத்தில் இவ்வளவு தொகை தருவோம்" என்று நிபந்தனையோடு எழுதி வாங்கியது. வாசகத்தைக் குழுவே தயார் செய்து அனுப்பியது. கொடையாளர் தங்கள் லெட்டர்ஹெட்டில் போட்டுக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டார்கள். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதையும் சம்பளப் பட்டியல் போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.