டி மொழியில் மண்டை காய்ந்த கதைகள்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் சொல்லுங்கள்

நான்குரோட்டுக்காரன், தருமபுரி:

டி என்கிற கணினி மொழியில் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு, அதை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிற கம்பைலரோடு மல்லுக்கட்டிய கதை ஆளுக்கு ஒன்றாவது இருக்கும். வெட்கப்படாமல் கொட்டுங்கள். என்னுடையதை முதலில் வைக்கிறேன். இதைப் படித்தால் உங்களுக்குக் கூச்சம் தானாக விட்டுப்போகும்.

என் மாமா பட்டுக்கூடு வாங்கி நூல் எடுக்கிறவர். தருமபுரி அங்காடியில் ஏலம் முடிந்து வரும்போது சட்டைப் பை நிறையத் துண்டுச் சீட்டு இருக்கும்: லாட் எண், எடை, கிலோ விலை. அதையெல்லாம் கூட்டிச் சொல்ல டி மொழியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். முதலில் எல்லாவற்றையும் கிராம், பைசா என்று முழு எண்ணாக்கி, முழு எண்ணை மட்டும் வைக்கிற இன்ட்டில் வைத்திருந்தேன். கச்சிதமாக ஓடியது. அப்புறம், எடை 38.450, 41.275 என்று வருகிறதே, எதற்கு இந்தச் சுற்றுவழி என்று புள்ளி எண்ணையும் வைக்கிற டபுளுக்கு மாற்றினேன். மொத்தம் என்கிற மாறியிலும் இன்ட் என்ற சொல்லை அடித்து டபுள் என்று போட்டேன், அவ்வளவுதான்.

சாயங்காலம் மாமா கேட்டார்: "மொத்தம் எவ்வளவுடா?"

திரையில் மூன்றே மூன்று ஆங்கில எழுத்து. எழுத்துக்கூட்டிப் படித்தேன். "நான்னு வருது மாமா."

"நீயா? உன்னை யாருடா கேட்டா? ரூபா எவ்வளவு?"

கம்பைலர்தான் கெட்டுப்போச்சு என்று, நான் வைத்திருந்த டிஎம்டி கம்பைலரைக் கழற்றி மறுபடி நிறுவினேன். இன்னொரு கம்பைலரான எல்டிசியில் ஓட்டினேன். அங்கேயும் நான். ஏதோ ஒரு சீட்டில் எண் தப்பாக இருக்கும் என்று நாற்பது சீட்டையும் திரும்ப ஏற்றினேன். அதுவும் நான். கடைசியில் சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கூட்டுகிற சுழலுக்குள் ஒவ்வொரு சுற்றிலும் மொத்தத்தை அச்சிடச் சொன்னேன். முதல் சுற்றிலேயே நான். சரி, சுழலுக்கு முன்னால் அச்சிட்டால்? ஒரு சீட்டைக்கூடக் கூட்டவில்லை, அதற்குள் நான்.

மாறிக்குத் தொடக்க மதிப்பு கொடுக்கவே இல்லை நான். இன்ட்டாக இருந்தபோதும் கொடுக்கவில்லைதான். ஆனால் டி மொழி இன்ட்டுக்குத் தானாகவே 0 வைத்துவிடும். டபுளுக்கும் அதன் தம்பியான ஃப்ளோட்டுக்கும் 'இது எண்ணே அல்ல' என்று பொருள்படும் அந்த மூன்றெழுத்தை வைக்கும். அதோடு எதைக் கூட்டினாலும் அதுவேதான் வரும். குடம் பாலில் துளி விஷம். '= 0' என்று போட்டதும் கூட்டுத்தொகை வந்துவிட்டது. மாமா இன்றைக்கும் என்னைப் பார்த்தால், "என்னடா நான், சாப்பிட்டியா?" என்றுதான் கேட்கிறார்.

பென்னாகரம் பெரிசு:

தம்பி, அது கம்பைலரின் மறதி கிடையாது, வேண்டுமென்றே செய்தது. வால்டர் பிரைட் இந்த மொழியை 2001-ல் வெளியிடுவதற்கு முன்பே சி, சி++ கம்பைலர்கள் எழுதிப் பழம் தின்று கொட்டை போட்டவர். தொடக்க மதிப்பு கொடுக்காத மாறியில் குப்பை கிடந்து, விடை ஒருநாள் சரியாகவும் ஒருநாள் தப்பாகவும் வருகிற கொடுமையை நிறையப் பார்த்தவர். அதனால்தான் தப்பு இருந்தால் கண்ணில் குத்துகிற மாதிரி மதிப்பு வைத்தார். எழுத்து வகையான சாருக்கு 0xFF வைத்ததும் இதே எண்ணம்தான், எழுத்துகளைக் கணினியில் பைட்களாக வைக்கிற யூடிஎஃப்-8 முறையில் அந்த பைட் எங்கேயும் வரவே முடியாது. இன்ட்டில் 'செல்லாத எண்' என்று ஒன்று இல்லாததால் அங்கே 0. உன் மாமா 0 ரூபாய் என்று பார்த்திருந்தால் இன்னும் மோசமாகத் திட்டியிருப்பார்.

பர்கூர் பையன்:

அண்ணா, எனக்கு நேற்று ராத்திரியிலிருந்து நடந்துகொண்டிருக்கிற கதை, இன்னும் முடியவில்லை. வட்டிக் கணக்குப் போட்டுப் பழகலாம் என்று இரண்டு ஃபைல் வைத்திருக்கிறேன். மெயின் ஒன்று, கணக்கு என்று இன்னொன்று. மெயினில் கணக்கை இம்போர்ட் செய்திருக்கிறேன். டிஎம்டியிடம் மெயினை மட்டும் கொடுத்தால் வரி எண்ணே இல்லாமல் 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்' என்று கத்துகிறது. கூடவே மந்திரம் மாதிரி ஒரு பெயர்: அடிக்கோடு, டி, 7, கணக்கு, 5, வட்டி, அப்புறம் எஃப், டி, இசட், டி. கணக்கு ஃபைலைத் திறந்து திறந்து பார்க்கிறேன், வட்டி ஃபங்ஷன் அங்கேதான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறது.

நான்குரோட்டுக்காரன், தருமபுரி:

தம்பி, அந்த மந்திரத்தைப் பிரித்துப் படி. ஆங்கிலத்தில் நீ எழுதிய கணக்கு என்ற பெயருக்கு ஏழெழுத்து, அதனால் 7. வட்டிக்கு ஐந்து. எஃப் என்றால் ஃபங்ஷன். அடுத்த டி, உள்ளே போகிற டபுள். இசட்டோடு உள்ளே போகிறவை முடிந்தன. கடைசி டி, வெளியே வருகிற டபுள். 'கணக்கு மாட்யூலில் இருக்கிற, ஒரு டபுள் வாங்கி ஒரு டபுள் தருகிற வட்டியைக் காணோம்' என்கிறது. அதைச் சொல்வது கம்பைலர் இல்லை, கம்பைல் ஆன துண்டுகளை ஒட்டி ஒரே புரோகிராம் ஆக்குகிற லிங்க்கர். அதனால்தான் வரி எண் இல்லை. இம்போர்ட் போட்டால் கம்பைலர் அந்த ஃபைலில் என்னென்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். அதற்கு ஆப்ஜெக்ட் கோட், அதாவது லிங்க்கர் ஒட்ட வேண்டிய துண்டு, உண்டாக்காது. பத்திரிகையில் பெயர் போட்டாகிவிட்டது, ஆளை யாரும் கூப்பிடவில்லை. இரண்டு ஃபைலையும் சேர்த்துக் கொடு, அல்லது டிஎம்டிக்குப் பக்கத்தில் '-ஐ' என்று ஒரு சுவிட்ச் போடு. 2018-ல் வந்தது அது, இம்போர்ட் ஆனதையெல்லாம் தானாகச் சேர்த்துக்கொள்ளும். எல்லாவற்றையும் தானே சேர்த்துக் கம்பைல் செய்து ஓட்டுகிற ஆர்டிஎம்டியில் ஓட்டினாலும் சரி.

ஓசூர் நைட் ஷிப்ட்:

என்னுடையது சின்னது. டி மொழியில் கம்பைல் ஆகும்போதே ஃபங்ஷன்களை ஓட்டி விடை வாங்கலாம் இல்லையா, அந்த வசதியைக் கண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உதிரிபாகப் பட்டியல் ஃபைல் முழுவதையும் கம்பைல் நேரத்திலேயே படித்து, பிரித்து, அட்டவணையாக்கி, புரோகிராமுக்குள்ளேயே புதைத்துவிடலாம் என்று இறங்கினேன். முதலில் ஃபைலைப் படிக்கவே மாட்டேன் என்றது. எந்தக் கோப்புறையிலிருந்து படிக்கலாம் என்று '-ஜே' சுவிட்சில் நாம் சொன்னால்தான் படிக்கும். பாதுகாப்புக்காக. நியாயம்தான். சொன்னேன். நாலு ஜிபி லேப்டாப். விசிறி ஜெட் மாதிரி இரைந்தது, மவுஸ் நகரவில்லை, கடைசியில் 'கில்டு' என்று ஒற்றைச் சொல். எந்த வரியில் பிழை, ஏன், எதுவும் இல்லை.

டிஎம்டி வேகத்துக்காக, வாங்கிய நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்காமலேயே வேலை பார்க்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது. சுழலுக்குள் எழுத்துச் சரத்தோடு சரம் ஒட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு ஒட்டுக்கும் புது இடம். '-லோமெம்' போட்டால் குப்பை பொறுக்க, அதாவது பயன்படாத நினைவகத்தைத் திரும்ப எடுக்க, ஆரம்பிக்கும். போட்டேன், ஆமை வேகத்தில் முடிந்தது. பிறகு வெட்கத்தோடு அந்த ஃபைலை ஓட்ட நேரத்தில் படிக்கிற மாதிரி மாற்றினேன். கண் சிமிட்டுகிற நேரம்.

காவேரிப்பட்டினம் டீச்சர்:

நான் மதிப்பெண் பட்டியலுக்காகக் கற்றுக்கொண்டவள். பெயரைக் கொடுத்தால் மதிப்பெண் வருகிற மாதிரி ஓர் அசோசியேட்டிவ் அர்ரே. அதை ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பி, அங்கே மாணவர்களைச் சேர்க்கிறேன். திரும்பி வந்து பார்த்தால் காலி. ஃபங்ஷனுக்குள் அச்சிட்டால் 43 பேர். வெளியே வந்தால் ஒருவரும் இல்லை, லாங் பெல் அடித்த மாதிரி.

அனுப்புவதற்கு முன்பு சோதனைக்கு ஒரு பெயரை நானே சேர்த்துப் பார்த்தேன். அப்போது எல்லாரும் வந்துவிட்டார்கள்! காலியாக அனுப்பினால் வராது, ஒன்று போட்டு அனுப்பினால் வரும். காரணம் புரியவில்லை. சரி, சாமி கேட்கிறது போல என்று 'பிள்ளையார் சுழி' என்ற பெயரில் 0 மதிப்பெண்ணோடு ஒரு பதிவை முதலில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். சத்தியமாக இரண்டு மாதம் அப்படியே ஓடியது. ஒருநாள் வகுப்புச் சராசரி ஏன் குறைகிறது என்று தேடப்போய், என் பிள்ளையார்தான் பூஜ்யம் வாங்கி வகுப்பைக் கீழே இழுக்கிறார் என்று கண்டுபிடித்தேன்.

காலி அசோசியேட்டிவ் அர்ரே என்பது வெறும் 'நல்', அதாவது எதையுமே பிடிக்காத வெறுங்கை. அதை அனுப்பினால் அந்த வெறுங்கையின் நகல்தான் போகிறது. உள்ளே முதல் பதிவைச் சேர்க்கும்போதுதான் உண்மையான அட்டவணை பிறக்கிறது, வெளியே இருப்பவருக்கு அது பிறந்ததே தெரியாது. ஏற்கெனவே ஒன்று இருந்தால் இருவரும் ஒரே அட்டவணையைப் பிடித்திருப்பார்கள். ஃபங்ஷன் வாங்கிக்கொள்கிற பாராமீட்டருக்கு முன்னால், நகல் வேண்டாம், அதையே கொடு என்று பொருள்படும் 'ரெஃப்' என்ற மூன்று ஆங்கில எழுத்தைப் போட்டுப் பிள்ளையாரை வழியனுப்பினேன்.

மொய் டெஸ்க், கிருஷ்ணகிரி:

டீச்சர், பிள்ளையாருக்கு அரியர்ஸ் வைத்தவர் நீங்கள்தான்!

நான் விசேஷ வீடுகளில் மொய் எழுதுகிறவன். நோட்டுக்குப் பதில் லேப்டாப், பக்கத்தில் ரசீது அடிக்கிற குட்டி பிரிண்டர். டி மொழியில் நானே எழுதிய புரோகிராம். ரசீதில் ஊர் பெயருக்கு இடம் கம்மி, அதனால் நீளம் 20-ஐத் தாண்டினால் முதல் 20-ஐ மட்டும் வெட்டி எடு என்று எழுதியிருந்தேன். ஒரு காதணி விழா. முதல் ரசீது ஓசூர், சரி. இரண்டாவது அரூர், சரி. மூன்றாவது நம்ம ஊர். 'கிருஷ்' வரைக்கும் வந்து, அதன் பின்னால் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி. மொய் வைத்தவர் ரசீதைத் தூக்கிப் பிடித்து, "ஏம்பா, எங்க ஊர் மேல என்ன சந்தேகம்?" என்றார்.

அன்று ராத்திரி உட்கார்ந்து நீளத்தை அச்சிட்டேன். கிருஷ்ணகிரிக்கு 33 என்றது. டி மொழியில் சரத்தின் லெங்த் என்பது எழுத்து எண்ணிக்கை அல்ல, யூடிஎஃப்-8 பைட் எண்ணிக்கை. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். க, இகரக் குறி, ர, உகரக் குறி, ஷ, புள்ளி, ண, க, இகரக் குறி, ர, இகரக் குறி என்று 11 குறியீடு, அதனால் 33. ஓசூரும் அரூரும் ஐந்து குறியீடு, 15 பைட். 20-க்குள் அடங்கியதால் தப்பித்தன. 20 மூன்றால் வகுபடாது, ஆகவே கத்தி 'ண'வின் நடு வயிற்றில் இறங்கிவிட்டது. வெட்டியதை அப்படியே அச்சிட்டபோது டி மொழி வாயைத் திறக்கவில்லை. அதே சரத்தை டிசார் கணக்கில், அதாவது ஒவ்வொரு குறியீடாக, ஃபோர்ஈச் சுழலில் சுற்றியதும் எக்ஸெப்ஷன் என்கிற பிழையை வீசியது.

சரி, மூன்றின் மடங்காக வெட்டலாம் என்று 15 போட்டேன். அது இன்னும் ஆபத்து. எக்ஸெப்ஷன் கிடையாது, கேள்விக்குறி கிடையாது, 'கிருஷ' என்று புள்ளி மட்டும் போய்விட்டது. பெயர்களை இப்படி வெட்டினால் ஆளே மாறிவிடுவார். ஸ்டாண்டர்டு லைப்ரரியில் யூனி மாட்யூலில் பைகிராஃபீம் என்று ஒன்று இருக்கிறது. அது கி, ரு, ஷ், ண, கி, ரி என்று நாம் சிலேட்டில் எண்ணுகிற மாதிரியே ஆறு என்றது. அன்றைக்கு எனக்கு அந்த கம்பைலர் மேல் பாசமே வந்துவிட்டது. இப்போது அதில் எண்ணித்தான் வெட்டுகிறேன்.

இதோடு முடியவில்லை. ஊர்வாரியாக மொத்தம் போட்டால் பாலக்கோடு இரண்டு தடவை வந்தது, இரண்டு தனித்தனித் தொகையோடு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நீளம் கேட்டால் ஒன்று 27, இன்னொன்று 30. நான் அடித்த கீபோர்டில் 'கோ'வின் ஓகாரக் குறி ஒரே குறியீடு. இன்னொரு லேப்டாப்பில் எழுதிய மச்சானின் கீபோர்டில் இரட்டைக் கொம்பு தனி, கால் தனி. சமமா என்று கேட்டால் பைட் பைட்டாக ஒப்பிட்டு, இல்லை என்கிறது. உள்ளே வாங்கும்போதே நார்மலைஸ் செய்து, இரண்டையும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் பாலக்கோட்டுக்காரர்கள் ஒன்று சேர்ந்தார்கள்.

பென்னாகரம் பெரிசு:

அப்படியானால் என் மானத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒகேனக்கல் நீர்வரத்தைத் தினமும் பேப்பரில் பார்த்து, தேதி, கனஅடி என்று வரிக்கு இரண்டாக ஒரு ஃபைலில் ஏற்றிவருகிறேன். பல வருடப் பழக்கம். மாதவாரியாகச் சராசரி சொல்ல ஒரு புரோகிராம். சாதாரணமாகக் கம்பைல் செய்தால் சரியான விடை. வேகமாக ஓடட்டுமே என்று '-ரிலீஸ்' சுவிட்ச் போட்டுக் கம்பைல் செய்தால் எல்லா மாதமும் 0 கனஅடி. ரிலீஸ் என்றால் தண்ணீர் திறக்க வேண்டும், எனக்குக் காவிரியே வற்றிவிட்டது.

கம்பைலருக்குள் வேகம் கூட்டுகிற ஆப்டிமைசரில் பிழை என்று முடிவுகட்டினேன். அனுபவஸ்தன் என்ற திமிர். டிஎம்டி, எல்டிசி, ஜிடிசி என்ற மூன்று டி கம்பைலருக்கும் முன்பாதி ஒன்றேதான், மொழியைப் படித்துப் புரிந்துகொள்கிற பகுதி. இயந்திர மொழிக்கு மாற்றுகிற பின்பாதிதான் வேறு வேறு: டிஎம்டிக்குச் சொந்தமானது, எல்டிசிக்கு எல்எல்விஎம், ஜிடிசிக்கு ஜிசிசி. ஒன்றில் மட்டும் விடை தப்பினால் பின்பாதி மேல் சந்தேகப்படலாம். மூன்றிலும் ஓட்டினேன். மூன்றிலும் காவிரி வற்றியது. மூன்று பின்பாதியும் பேசிவைத்துக்கொண்டு ஒரே தப்பைச் செய்யாது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உறைக்கவில்லை. டஸ்ட்மைட்டிடம் கொடுத்தேன். புரோகிராமை ஒவ்வொரு துண்டாகக் கிள்ளி எறிந்து, 'இன்னும் அந்தத் தப்பு வருகிறதா' என்று பார்த்துப் பார்த்துச் சுருக்குகிற கருவி அது. ராத்திரி ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் 11 வரி மிச்சம். அதன் நடுவில், வரியிலிருந்து தேதியையும் கனஅடியையும் படிக்கிற ஃபார்மட்டட்ரீட் என்ற ஃபங்ஷன். அதைச் சுற்றி, இரண்டும் கிடைத்ததா என்று சரிபார்க்க நானே போட்ட அசர்ட் என்கிற சோதனை. ரிலீஸில் அசர்ட் எல்லாம் அப்படியே காணாமல் போகும். அதற்குள் உட்கார்ந்திருந்த படிக்கிற வேலையும் கூடவே போய்விட்டது. யாருமே படிக்காத கனஅடி, தொடக்க மதிப்பான 0-லேயே நின்றிருக்கிறது. அசர்ட்டை, ரிலீஸிலும் காணாமல் போகாத என்ஃபோர்ஸ் ஆக்கினேன், தண்ணீர் வந்தது.

நான்குரோட்டுக்காரன், தருமபுரி:

ஐயா, கனஅடியை டபுளில் வைத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்குமே!

பென்னாகரம் பெரிசு:

இன்ட்டில்தான் வைத்திருந்தேன். மேலே உனக்குப் பாடம் எடுத்தேன் பார், அதை நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

பர்கூர் பையன்:

அண்ணா, '-ஐ' போட்டேன், லிங்க் ஆகிவிட்டது. ரொம்ப நன்றிண்ணா. இப்போது ஓடுகிறது. ஆனால் எந்த அசலைக் கொடுத்தாலும் வட்டி 'நான்' என்றே வருகிறது.

நான்குரோட்டுக்காரன், தருமபுரி:

மேலே போய் முதல் பதிவிலிருந்து படிச்சிட்டு வாடா தம்பி.