புதுப்பிப்பு: அக்காவின் இமை சரிவுக்குக் காரணம் தெரிந்துவிட்டது

சாயங்காலமானால் அக்காவுக்கு இமை சரிகிறது, சோறு மெல்லும்போதே தாடை ஓய்ந்துவிடுகிறது, டாக்டரோ "டென்ஷன்தான், நல்லா தூங்குங்க" என்று அனுப்பிவிடுகிறார் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது வீடியோ எடுக்கச் சொன்னவரின் யோசனை. சுங்கை சிப்புட்டில் நாங்கள் போகும் கிளினிக்கில் காலையில்தான் பார்ப்பார்கள், அந்த நேரத்தில் அக்கா பளிச்சென்று இருப்பார், பிறகு என்ன சொல்லி என்ன. செம்பனைத் தோட்டத்து வேலை முடிந்து வந்ததும் எடுத்தேன், இடது இமை பாதிக் கண்ணை மூடியிருந்தது நன்றாகவே தெரிந்தது. புதிதாக வந்த டாக்டரம்மா அதைத் திரும்ப ஓட்டிப் பார்த்தார், அக்காவைக் கொஞ்ச நேரம் மேலேயே பார்க்க வைத்தார், இமை இறங்கியது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 2 நிமிடம் வைத்ததும் ஏறியது! அன்றே ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போகக் கடிதம் கொடுத்தார்.

மயஸ்தீனியா கிராவிஸ். நரம்பு அனுப்பும் சேதி தசைக்குப் போய்ச் சேராமல் உடம்பின் எதிர்ப்பு சக்தியே தடுக்கும் நோய். அப்படித் தடுக்கும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் உறுதியானது (சிலருக்கு அதில் எதுவும் காட்டாதாம், அதோடு விட்டுவிடாதீர்கள்). எதிர்ப்பு சக்தியோடு தொடர்புள்ள தைமஸ் சுரப்பியைப் பார்க்க நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எடுத்தார்கள். இப்போது நரம்பின் சேதி தசைக்குச் சேர உதவும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை, சாப்பாடு சரியாக இறங்குகிறது.

எதிர்பாராத விஷயம், சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின் மாதிரி சாதாரண ஆன்டிபயாடிக்கே இதைக் கூட்டிவிடலாம். எந்த மருந்து வாங்கினாலும் நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள். மூச்சு வாங்கினால் நேரே எமர்ஜென்சிதான்.